போர்ச்சுகலின் சிந்த்ரா மூரிஷ் கோட்டை: முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் போகலாமா?

தாராளமாக அழைத்துப் போங்கள், ஆனால் அடிவாரத்திலிருந்து நடத்திக் கூட்டிப்போகாதீர்கள். ரயில் நிலையத்தில் 434 பேருந்து ஏறினால் கோட்டை வாசல் அருகிலேயே இறக்கிவிடும். அங்கிருந்து மரநிழல் பாதைதான். வழியில் மூர்கள் (வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஆண்ட முஸ்லிம்கள்) பாறையில் குடைந்த தானியக் குழிகள், பழைய சிறு தேவாலயம், உள்ளே மழைநீர்த் தொட்டி எல்லாம் அம்மா நிதானமாகப் பார்க்கலாம்.

மதில்மேல் ஏறுவதுதான் சிக்கல். கல்படிகள் ஏற்றத்தாழ்வானவை, காற்றும் பலமாக அடிக்கும், அதனால் அம்மாவைக் கீழேயே உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் அரச கோபுரம் வரை போய்வாருங்கள், பெனா அரண்மனை அங்கிருந்து அவ்வளவு அழகு! இன்று நாம் பார்க்கும் மதிலில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகல் மன்னர் இரண்டாம் ஃபெர்னாண்டோ சீரமைத்தது. மூர்கள் 1147லேயே கோட்டையைப் போர்ச்சுகீசியரிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

அப்புறம், மழை பெய்திருந்தால் மதிலை விட்டுவிடுங்கள், படிகள் வழுக்கும்.