துபாயில் எந்தப் பள்ளி? மகளுக்கு ஒன்று, மகனுக்கு வேறொன்று

கேள்வி: கணவருக்கு துபாயில் மூன்று ஆண்டு ஒப்பந்த வேலை கிடைத்திருக்கிறது. கோவையில் சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிக்கும் மகள் ஏப்ரலில் எட்டாம் வகுப்புக்குப் போகிறாள். மகன் யு.கே.ஜி. முடிக்கிறான். பள்ளிக் கட்டணத்தில் பாதியைக் கம்பெனி தரும். "அவ்வளவு தூரம் போயும் சி.பி.எஸ்.இ.யா? பிரிட்டிஷ் பள்ளியில் சேருங்கள்" என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்யலாம்?

பதில்: மகளை சி.பி.எஸ்.இ.யிலேயே தொடர விடுங்கள். மூன்று ஆண்டில் பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வை முடித்துவிடுவாள். பிறகு ஊர் திரும்பினாலும் பதினொன்றில் சேர்வதில் சிக்கல் இராது. நீட், ஜே.இ.இ. எண்ணம் இருந்தால் இந்த வழிதான் நேரானது.

பிரிட்டிஷ் பள்ளியில் எட்டாம் வகுப்பு என்பது இயர் 9. அடுத்த ஆண்டே ஐ.ஜி.சி.எஸ்.இ. என்ற பொதுத்தேர்வுக்கான இரண்டு வருடப் படிப்பு தொடங்கிவிடும். வளைகுடா ஒப்பந்தங்கள் பாதியில் முடிவது புதிதல்ல. அப்படி நடந்தால் அந்தப் படிப்பும் பாதியில் நிற்கும். வேறு போர்டிலிருந்து நேராக சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் சேர்ப்பது எளிதல்ல.

மகனுக்கு இந்தக் கவலை இல்லை. அந்த வயதில் எந்தப் பாடத்திட்டத்திலிருந்தும் எதற்கும் மாறலாம், அதனால் அவனை பிரிட்டிஷ் பள்ளியிலும் சேர்க்கலாம். ஆனால் பிரிட்டிஷ் பள்ளிகளில் ஆண்டு ஆகஸ்ட் கடைசியில்தான் தொடங்கும். ஏப்ரலில் போனால் யு.கே.ஜி.க்கு இணையான இயர் 1-இன் கடைசிப் பருவத்தில் சேர வேண்டும், இல்லையென்றால் இயர் 2-க்காக ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறை மட்டும் இரண்டு வகைப் பள்ளிகளுக்கும் பொது என்பதால் ஊருக்கு டிக்கெட் போடுவதில் தொல்லை இல்லை.

செலவைப் பார்த்தால், பல சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் 15,000 திர்ஹாமுக்குள் அடங்கும். பெயர்பெற்ற பிரிட்டிஷ் பள்ளிகளிலும் ஐ.பி. என்ற சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிகளிலும் 50,000-ஐத் தாண்டுவது சாதாரணம், அதுவும் வகுப்பு ஏற ஏறக் கூடும். பஸ், சீருடை, புத்தகம் எல்லாம் தனி. கம்பெனி தரும் ‘பாதி’க்கு உச்சவரம்பு உண்டா, இரு பிள்ளைகளுக்கும் உண்டா என்பதைக் கணவர் எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தைவிட கே.எச்.டி.ஏ.வின் ஆய்வறிக்கையை நம்புங்கள். துபாயில் தனியார் பள்ளிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு அது. ‘அவுட்ஸ்டாண்டிங்’ முதல் ‘வெரி வீக்’ வரை ஆறு தரங்கள். எல்லோரும் முதல் பக்கத் தரத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். உள்ளே மழலையர், தொடக்கம், நடுநிலை, உயர்நிலை என்று தனித்தனியே மதிப்பிட்டிருப்பார்கள். மொத்தத்தில் ‘குட்’ வாங்கிய பள்ளியில் நடுநிலைக் கணிதம் மட்டும் ‘அக்செப்டபிள்’ என்று இருக்கலாம். உங்கள் மகளுக்கு அந்த வரிதான் முக்கியம். அறிக்கையின் தேதியையும் பாருங்கள். 2024-25 கல்வியாண்டில் புதிய பள்ளிகள் தவிர மற்றவற்றில் முழு ஆய்வு நடக்கவில்லை. பழைய அறிக்கை என்றால் அதற்குப் பிறகு முதல்வரோ ஆசிரியர்களோ மாறினார்களா என்று நேரில் கேளுங்கள்.

அரபு மொழி பலர் நினைத்துப் பார்க்காத விஷயம். அரபு தாய்மொழி அல்லாத பிள்ளைகளுக்கும் ஒன்பதாம் வகுப்பு வரை அது கட்டாயப் பாடம். மகளின் வகுப்பில் மற்றவர்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே படித்து வந்திருப்பார்கள். புதிதாக வருபவர்களுக்குத் தனி வகுப்பு உண்டா என்று கேட்டு, அதற்கு எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பள்ளியின் குணம் அதிலேயே தெரிந்துவிடும்.

பள்ளியை உறுதி செய்தபிறகே வீடு பாருங்கள். வாடகை குறைவு என்று பக்கத்து ஷார்ஜாவில் குடியேறி, துபாய் பள்ளிக்கு விடியுமுன்னே பிள்ளைகளை பஸ் ஏற்றும் குடும்பங்கள் ஏராளம். துபாயிலேயே இந்தியப் பள்ளிகள் அதிகம் உள்ள குசைஸ், ஊத் மேத்தா பக்கம் கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுத்தாலும் நஷ்டமில்லை.

மகளின் மாற்றுச் சான்றிதழை இங்கிருக்கும்போதே சரிசெய்யுங்கள். கல்வித் துறை, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாகச் சான்றொப்பம் கேட்பார்கள். எந்தெந்த முத்திரை வேண்டும் என்று அந்தப் பள்ளியின் அட்மிஷன் அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொண்டு, விமான டிக்கெட்டுக்கு முன் அந்த வேலையைத் தொடங்குங்கள்.