ஃபோர்த் (Forth) நிரல்மொழியில் பயனரிடம் எண் கேட்டால் ஏன் காத்திருக்காமல் ஓடிவிடுகிறது?

கேள்வி: பயனர் 12,-7,305 என்று தட்டினால் கூட்டிச் சொல்ல ஒரு சொல் (ஃபோர்த்தில் பெயரிட்ட நிரல்துண்டு) எழுதினேன். உள்ளே பார்ஸ்-நேம் (PARSE-NAME, வரியிலிருந்து அடுத்த துண்டை எடுக்கும் சொல்) வைத்தேன். ஓடவிட்டால் காத்திருக்காமல் நீளம் 0 என்று தருகிறது. என்ன தப்பு?

பார்ஸ்-நேம், பார்ஸ், பழைய வேர்ட் மூன்றுமே பயனரிடம் எதையும் கேட்பதில்லை. தட்டிய வரியைப் படித்து ஓட்டும் இன்டர்பிரெட்டர் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் வரியில் மிச்சம் இருப்பதைத்தான் எடுக்கும். அந்த வரி எங்கே என்று சோர்ஸ் சொல்லும், அதில் எவ்வளவு தூரம் படித்தாயிற்று என்பதை டூ-இன் (>IN) வைத்திருக்கும். உங்கள் சொல்லின் பெயரைத் தட்டி என்டர் அழுத்தினீர்கள், அதற்குப் பின்னால் வரியில் ஒன்றும் இல்லை, அதனால்தான் 0.

ரீஃபில் போட்டு அடுத்த வரியை வாங்கலாம்தான், ஆனால் நடப்பு வரியின் மிச்சம் போய்விடும், நிரலைக் கோப்பிலிருந்து ஏற்றும்போது விசைப்பலகைக்குப் பதில் கோப்பின் அடுத்த வரியை விழுங்கிவிடும். அதனால் பயனரிடம் கேட்பதற்கு ஆக்செப்ட் போடுங்கள். க்ரியேட், அலாட் வைத்து 80 எழுத்துக்கு நினைவகத்தில் ஒரு பஃபர் ஒதுக்கி, அதன் முகவரியையும் 80-ஐயும் கொடுத்தால், என்டர் வரும்வரை காத்திருந்து எத்தனை எழுத்து வந்தது என்பதைத் திருப்பித் தரும். என்டர் பஃபரில் சேராது.

சரி, இனி பிரிப்பது. காற்புள்ளியைத் தேடித் துண்டு போட வேண்டிய அவசியமே இல்லை, எழுத்துகளை எண்ணாக்கும் டூ-நம்பர் (>NUMBER) அந்த வேலையையும் சேர்த்துச் செய்துவிடும், இதைப் பலர் கவனிப்பதில்லை. மதிப்புகளை அடுக்கி வைக்கும் ஸ்டேக்கில் சரத்தின் முகவரி, நீளம் இருக்கும்போது 0 0 2ஸ்வாப் டூ-நம்பர் என்று எழுதினால், இலக்கம் அல்லாத முதல் எழுத்தில் நின்று, அதுவரை சேர்ந்த எண்ணையும் மிச்சச் சரத்தின் முகவரி, நீளத்தையும் வைத்துவிட்டுப் போகும். எண் இரண்டு செல் (ஸ்டேக்கில் ஓர் இடம் ஒரு செல்) அகலம், சின்ன எண்கள்தான் என்றால் அந்த எண்ணின் மேல் செல்லை டிராப் செய்துவிடலாம். நின்ற இடத்தில் காற்புள்ளி இருந்தால் 1 ஸ்லாஷ்-ஸ்ட்ரிங் (/STRING) போட்டு அந்த ஓர் எழுத்தைத் தாண்டி, நீளம் 0 ஆகும்வரை திரும்பச் செய்யுங்கள்.

கழித்தல் குறி டூ-நம்பருக்குத் தெரியாது. -7 வந்தால் முதல் எழுத்திலேயே நின்றுவிடும். முன்கூட்டியே அந்த எழுத்தைப் பார்த்து, கழித்தல் என்றால் ஒரு கொடி வைத்துத் தாண்டி, எண் கிடைத்ததும் நெகேட் செய்யுங்கள்.

இதையெல்லாம் விட்டுவிட்டு, பயனர் தட்டியதை அப்படியே இவேல்யுவேட்டுக்கு (சரத்தை ஃபோர்த் நிரலாகவே ஓட்டும் சொல்) கொடுத்தால் எண்கள் தானாக ஸ்டேக்கில் வந்துவிடுமே என்று தோன்றும். எண்களை இடைவெளி விட்டுத் தட்டச் சொன்னால் வரும்தான். ஆனால் பயனர் பை (BYE) என்ற ஃபோர்த் சொல்லைத் தட்டினால் அதுவும் ஓடும், நிரல் அங்கேயே மூடிக்கொள்ளும். நீங்கள் மட்டுமே பயன்படுத்தும் கருவி என்றால் பரவாயில்லை, மற்றவர்களுக்கு என்றால் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், 12அ மாதிரி காற்புள்ளியும் இலக்கமும் அல்லாத எழுத்து ஏதாவது வந்தால், டூ-நம்பர் 12-ஐப் படித்துவிட்டு அந்த எழுத்தில் நின்றபின் ஓர் அடிகூட நகராது, உங்கள் சுழற்சி முடிவே இல்லாமல் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் மிச்ச நீளம் குறைந்ததா என்று பாருங்கள், குறையவில்லை என்றால் பிழை சொல்லி வெளியேறுங்கள். ஆரம்பத்தில் டெசிமல் போடவும் மறக்காதீர்கள்: டூ-நம்பர் எண்ணின் அடிமானத்தை (பத்தா, பதினாறா) வைத்திருக்கும் பேஸ் மாறியைப் பார்த்தே படிக்கிறது, யாராவது ஹெக்ஸ் போட்டு விட்டுப் போயிருந்தால் 12 என்பது 18 ஆகிவிடும்.