மெக்சிகோவைத் தெரிந்துகொள்ள மக்காச்சோளத்தில் தொடங்குங்கள்

'மெக்சிகோவின் பண்பாட்டைப் படித்தும், நேரில் போயும் ஆழமாகத் தெரிந்துகொள்ள ஆசை. எங்கே தொடங்குவது?' என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: மக்காச்சோளத்தில் தொடங்குங்கள்.

அந்த நாட்டில் அரசு அங்கீகரித்த பழங்குடி மொழிகளே 68 இருக்கின்றன. வடக்கே பாலைவனம், தெற்கே மழைக்காடு. பொத்தாம்பொதுவாகத் தேடினால் மண்டையோட்டு ஒப்பனையும் அகலத் தொப்பியும்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஏதாவது ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனால் வரலாறு, சாமி, சமையல், அரசியல் எல்லாம் கூடவே வரும். அதற்கு மக்காச்சோளத்தை விடப் பொருத்தமானது மெக்சிகோவில் வேறெதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

மக்காச்சோளத்தின் மூதாதை தேயோசிந்தே என்ற காட்டுப் புல். அதன் கதிரில் பத்துப் பன்னிரண்டு மணிகள் இருந்தாலே அதிகம். ஒவ்வொரு மணியும் கெட்டியான ஓட்டுக்குள் இருக்கும். தென்மேற்கு மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் அதைப் பொறுக்கிப் பொறுக்கி விதைத்து, தலைமுறை தலைமுறையாக மாற்றி எடுத்திருக்கிறார்கள். இன்றைய கதிர் மடலுக்குள் மூடிக் கிடப்பதால் தானாக விதை பரப்ப அதனால் முடியாது. மனிதர் விதைத்தால்தான் அடுத்த பயிர்.

அப்புறம் நிஸ்தமால் பற்றிப் படியுங்கள். இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் தோலைக் கழுவி எடுத்து அரைப்பதுதான் அது. சுண்ணாம்பு படுவதால் தோல் கழன்றுவிடும், மாவு ஒட்டிக்கொண்டு தட்ட வரும், அதோடு தானியத்தில் உடம்புக்குக் கிடைக்காமல் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் கிடைக்கத் தொடங்கும். ஐரோப்பியர்கள் மக்காச்சோளத்தை எடுத்துப் போனார்கள், இந்தச் செய்முறையை எடுத்துப் போகவில்லை. வட இத்தாலியிலும், பின்னால் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும், மக்காச்சோளத்தையே நம்பியிருந்த ஏழைகளை, நியாசின் கிடைக்காததால் வரும் பெலாக்ரா நோய் வாட்டியது. தோல் வெடித்து, புத்தி கலங்கிச் செத்துப்போனார்கள். மெக்சிகோவின் சமையலறைகளில் இருந்தது எவ்வளவு பெரிய அறிவு என்று இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

மூல ஆவணம் ஒன்றாவது பார்க்க வேண்டும் என்றால் ஃபிளாரன்டைன் கோடெக்ஸைப் பாருங்கள். 1521ல் ஸ்பானியர்கள் ஆஸ்டெக் மக்களின் தலைநகரான தெனோச்சித்லானைப் பிடித்த பிறகு, பெர்னார்தினோ தெ சாகுன் என்ற துறவியும், அந்த மக்களின் நாவாட்ல் மொழி பேசும் அறிஞர்களும் ஓவியர்களும் பல ஆண்டுகள் சேர்ந்து உருவாக்கிய 12 புத்தகங்கள் அவை. நாவாட்லும் ஸ்பானிய மொழியும் அருகருகே இருக்கும். இணையத்தில் படங்களோடு இலவசமாகக் கிடைக்கிறது. பத்தாவது புத்தகத்தில் சந்தை வியாபாரிகள் வருகிறார்கள். மக்காச்சோள மாவை மடலில் பொதிந்து அவிக்கும் தமாலைக் கெட்டுப் போன பிறகும், ஆறிப்போன பிறகும் ஏமாற்றி விற்பவரை வரிக்கு வரி திட்டியிருக்கிறார்கள்! ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இது மதம் பரப்ப வந்தவரின் மேற்பார்வையில் எழுதப்பட்டது. சாமிகளைப் பற்றிய பகுதிகளை அந்த நினைப்போடுதான் வாசிக்க வேண்டும்.

இனி பயணம். மெக்சிகோ நகரத்தில் 1964ல் திறந்த தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்துக்கு எல்லோரும் போகிறார்கள். கீழ்த்தளத்தில் ஆஸ்டெக் மக்கள் செதுக்கிய பெரிய வட்டமான சூரியக் கல்லைப் பார்த்துவிட்டு அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். மாடிக்கு ஏறுங்கள். இன்று வாழும் பழங்குடி மக்களின் வீடு, உடை, வயல், சடங்கு எல்லாம் அங்கேதான் இருக்கிறது. கீழே இருப்பது அழிந்துபோன நாகரிகம் அல்ல என்பது மேலே போனால்தான் விளங்கும். நேரம் இருந்தால் த்லாஸ்கலா மாநிலத்தில் உள்ள ககாஷ்த்லாவுக்கும் போய் வாருங்கள். அங்குள்ள பழைய சுவரோவியத்தில் மக்காச்சோளச் செடியில் கதிருக்குப் பதிலாக மனிதத் தலைகள் காய்த்திருக்கும்.

ஆனால் அதிக நாள் ஒதுக்க வேண்டிய இடம் தெற்கே உள்ள வஹாக்கா மாநிலம். மித்லா ஊருக்கு அருகில் உள்ள கிலா நாகித்ஸ் குகையில் 6,000 ஆண்டுகளுக்கும் பழைய மக்காச்சோளக் கதிர்த் துண்டுகள் கிடைத்தன. பக்கத்திலேயே த்லாகோலூலாவில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. சுற்றியுள்ள ஊர்களிலிருந்து சபொத்தெக் மொழி பேசும் பெண்கள் மக்காச்சோள மாவில் தட்டிச் சுட்ட ரொட்டிகளான டோர்ட்டியாக்களைத் துணியில் மூடி, கூடையில் கொண்டு வருவார்கள். நீலம், மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று நான்கு நிறத்தில் மக்காச்சோளம் இருக்கும். விலை கேட்கும் முன் காலை வணக்கம் சொல்லுங்கள். சொல்லாமல் கேட்டால் மரியாதைக் குறைவு. யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால், முன்பின் தெரியாதவராக இருந்தாலும், 'புவென் ப்ரொவேச்சோ' (நன்றாகச் சாப்பிடுங்கள்) என்று சொல்லிவிட்டுத்தான் கடப்பார்கள். நீங்களும் சொல்லுங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

அங்கே எனக்கு மிகவும் பிடித்தது கிராமத்து மாவு மில். விடியற்காலையில் நிஸ்தமால் நிறைந்த வாளிகளோடு பெண்கள் வரிசையில் நிற்பார்கள். தமாலுக்குக் கொரகொரப்பு, டோர்ட்டியாவுக்கு நைஸ். யாருக்கு எந்தப் பதம் என்று மில்காரருக்கே தெரிந்திருக்கும். இந்த மில்கள் வருவதற்கு முன் மெத்தாத்தேயில்தான் அரைத்தார்கள். நம் அம்மி மாதிரிதான், ஆனால் மூன்று கால், சாய்ந்த தளம். அதன் முன் தினமும் மணிக்கணக்கில் மண்டியிட்டு அரைத்த பெண்களை நினைக்காமல் மெக்சிகோ உணவைப் புகழ்வது நியாயம் இல்லை.

அரசியலும் இதில் உண்டு. 1994ல் அமெரிக்கா, கனடாவோடு தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பிறகு அமெரிக்க மக்காச்சோள இறக்குமதி பெருகியது. சிறு விவசாயிகள் அடிபட்டார்கள். 'மக்காச்சோளம் இல்லையேல் நாடு இல்லை' என்பது அங்கே போராட்ட முழக்கம். மரபணு மாற்றிய மக்காச்சோளத்தைப் பயிரிடக் கூடாது என்று 2025ல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

எப்போது போவது? நவம்பர் 1, 2 தேதிகளில் வரும் இறந்தோர் நாளுக்குப் போவதானால், தலைநகரின் பெரிய ஊர்வலத்துக்காகப் போகாதீர்கள். அது ஒரு ஹாலிவுட் படத்துக்காகப் புனைந்த காட்சியைப் பார்த்து 2016ல் தொடங்கியது. சிற்றூர்க் கல்லறைகளுக்கும், யாராவது அழைத்தால் வீடுகளுக்கும் போங்கள். படையலில் தமாலும், நாம் செண்டுமல்லி என்று சொல்லும் அதே பூவும் இருக்கும். அந்தச் செடிக்குப் பூர்வீகமே மெக்சிகோதான். கூட்டம் வேண்டாம் என்றால் ஜனவரி தொடக்கத்தில் போய் ஒரு மாதம் தங்குங்கள். 6ஆம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளில் வெட்டும் ரொட்டிக்குள் சின்னக் குழந்தை பொம்மை வைத்திருப்பார்கள். அது யார் துண்டில் வருகிறதோ அவர் பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் தமால் வாங்கித் தர வேண்டும்.