புரோநோட்டு கிழிந்த பிறகு: கிருபை, ஞானஸ்நானம் பற்றிச் சில கேள்விகள்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்களில் வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்ததும் காரைக்குடியில் எங்கள் ஆலயக் கூடத்தில் அரை மணி நேரம் கேள்விகளுக்கு ஒதுக்கினோம். ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் எடுக்க இருப்பவர்களுக்காகத் தொடங்கியது. கத்தோலிக்க நண்பர்களும் கிறிஸ்தவர் அல்லாத அக்கம்பக்கத்தாரும் வந்து உட்கார்ந்தார்கள். ஞாயிறு பள்ளியில் வெகுகாலமாக, ரோமாபுரிச் சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதிய கடிதமான ரோமர் நிருபம் நடத்துகிறவன் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது.

பள்ளத்தூர்ப் பெரியவர், வட்டிக்கடையில் கணக்குப் பார்த்தவர்: கிருபைங்கிறீங்களே தம்பி, அது வட்டித் தள்ளுபடியா, அசலும் சேர்த்தா?

அசலும் சேர்த்துத்தான், ஐயா. நம் தகுதியைப் பார்க்காமல் தேவன் தருகிற தயவுதான் கிருபை. உங்களுக்குப் பழகிய சொல்லிலேயே பவுல் இதைச் சொல்லியிருக்கிறார். அவருடைய இன்னொரு கடிதமான கொலோசெயர் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில், நமக்கு எதிராக இருந்த ‘கையெழுத்தை’ எடுத்துச் சிலுவையில் ஆணியடித்தார் என்று வருகிறது. அந்தக் கிரேக்கச் சொல், கடன்பட்டவன் தன் கைப்பட எழுதிக் கொடுக்கும் கடன் சீட்டைக் குறிக்கும். நம்மூரில் புரோநோட்டு. கொடுத்தவர் ஏமாளியாக இருந்து விட்டுவிட்டார் என்று மட்டும் நினைக்க வேண்டாம். பேரேட்டில் ஒரு பக்கம் பற்று இருந்தால் இன்னொரு பக்கம் வரவு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஐந்தொகை நேராகாது. அந்த வரவைத் தன் உயிராலே கட்டியவர் கிறிஸ்து. நமக்கு இலவசமாக வந்தது, அவருக்கு அப்படி இல்லை.

தேவகோட்டைக் கல்லூரி மாணவர்: அண்ணே, பாவம் பெருகுன எடத்துல கிருபை அதிகமாப் பெருகுச்சுன்னு ரோமர் 5:20ல இருக்கு. அப்பத் தப்புப் பண்ணிட்டு மன்னிப்புக் கேட்டுக்கலாமே?

தம்பி, இதே கேள்வியோடுதான் 6ஆம் அதிகாரம் தொடங்குகிறது. பவுல் அங்கே நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தவில்லை. ஞானஸ்நானத்தில் உனக்கு என்ன நடந்தது என்று தெரியாதா என்று திருப்பிக் கேட்கிறார். தண்ணீருக்குள் போனது கிறிஸ்துவோடு அடக்கம்; மேலே வந்தது அவரோடு புது வாழ்வு.

நம் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். நகரத்தார் வீடுகளில் பிள்ளை கூட்டுவார்கள், அதாவது தத்து எடுப்பார்கள். அப்படி வருகிற பையன் அந்த வீட்டுக்காக ஒரு காசு சம்பாதித்திருக்க மாட்டான். ஆனாலும் கூட்டிக்கொண்ட நாளிலிருந்து அவன் அந்த வீட்டுப் பிள்ளை. சொத்தில் பாத்தியதை உண்டு, நல்லது கெட்டதில் முன்நிற்கும் உரிமையும் உண்டு. ‘எல்லாம் என்னுடையதாகிவிட்டதே, இனி வீட்டைக் கொளுத்தினால்தான் என்ன’ என்று அவன் கேட்டால், தன்னை எதற்குக் கூட்டினார்கள் என்பதே அவனுக்குப் புரியவில்லை. தமிழ் வேதாகமம் ரோமர் 8:15இல் ‘புத்திர சுவிகாரம்’ என்றே எழுதுகிறது. செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்கு அந்தச் சொல்லுக்கு அகராதி தேவையில்லை. வீடு கிடைத்திருக்கிறது, தகப்பன் கிடைத்திருக்கிறார்; இனி அந்த வீட்டு முறைப்படி நடக்கப் பழகுவதுதான் மிச்சம்.

புதுவயல் அக்கா: குழந்தையில தெளிச்ச தண்ணி செல்லாது, முங்கித்தான் எடுக்கணும்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க.

திருச்சபைகள் இதில் ஒத்த கருத்துடையவை அல்ல. கத்தோலிக்கர், லுத்தரன், சி.எஸ்.ஐ. சபையார் குழந்தைகளுக்கும் கொடுக்கிறோம். பாப்திஸ்து, பெந்தெகொஸ்தே சபையார் விசுவாசத்தை அறிக்கையிடும் வயதில், முழுக்காகக் கொடுக்கிறார்கள். அவர்களுடைய வேதப் பற்றை நான் மதிக்கிறேன். தண்ணீரின் அளவைப் பற்றி ஒரு பழைய செய்தி: ஆதிச் சபையின் கையேடான திதாக்கே, ஓடும் தண்ணீர் நல்லது, இல்லாவிட்டால் வேறு தண்ணீர், அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று என்கிறது. சித்திரையில் ஊருணி வெடித்துக் கிடப்பதைப் பார்த்த நமக்கு இது எளிதில் விளங்கும். மறுபடி எடுக்க வேண்டுமா என்றால், வேண்டாம் அக்கா. நிசேயா விசுவாசப் பிரமாணத்தில் ‘ஒரே ஞானஸ்நானம்’ என்றுதானே சொல்கிறோம். உங்களுக்கு விவரம் தெரியாத வயதிலேயே உங்களைத் தூக்கிக்கொண்டார்கள் என்பது எனக்குக் கிருபையின் மிகத் தெளிவான படமாகத் தெரிகிறது.

தேவகோட்டைக் கத்தோலிக்கத் தாயார்: வருஷா வருஷம் ஓரியூர் போறோம். தடியத் தேவர் ஒருத்தியைத் தவிர மத்த மனைவிமாரை விலக்கின பிறகுதானே அருளானந்தர் திருமுழுக்குக் கொடுத்தார்? அப்ப முதல்ல நாமதானே திருந்தணும்?

அருளானந்தர் என்பவர் போர்ச்சுகலிலிருந்து வந்த இயேசு சபைக் குரு ஜான் டி பிரிட்டோ. வரிசையைக் கொஞ்சம் முன்னாலிருந்து பாருங்கள், அம்மா. மறவர் சீமைத் தலைவரான தடியத் தேவர் கடும் நோயில் கிடந்தார். உபதேசியார் ஒருவர் வந்து நற்செய்தி வாசித்து ஜெபித்தார்; சுகமாயிற்று. அப்போது அவர் திருமுழுக்குப் பெற்றவரும் இல்லை, வாழ்க்கையை மாற்றியவரும் இல்லை. அருள் முந்திக்கொண்டது. நீங்கள் ‘அருள்’, ‘திருமுழுக்கு’ என்பவற்றைத்தான் நாங்கள் ‘கிருபை’, ‘ஞானஸ்நானம்’ என்கிறோம். மாற்றம் அதற்கு அவர் சொன்ன பதில். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் சேதுபதிக்கு உறவு; அவருடைய புகார் முற்றித்தான் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டது. அந்தப் பெண்களின் கண்ணீரையும் நான் மறப்பதில்லை. ஒருவர் மனம் திரும்பும்போது அதன் பாரம் அவரை நம்பியிருந்தவர்கள் தலையில் விழாமல் பார்த்துக்கொள்வதும் சபையின் கடமை.

கோயில் தெரு நண்பர்: செஞ்ச வினையை அனுபவிச்சுத்தானே தீரணும்? மன்னிப்புன்னா தப்பிச்சுக்கிறதா?

நியாயமான கேள்வி. சகேயு என்ற வரி வசூலிப்பவன் வீட்டுக்கு இயேசு தாமாகவே விருந்தாளியாகப் போனார். அதன் பிறகு அவன், அநியாயமாக வாங்கினதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். மன்னிப்புக் கிடைத்தது என்று சொல்லி, ஏமாற்றிய பணத்தைத் திருப்பாமல் இருக்கிற கிறிஸ்தவன் சகேயுவின் கதையைப் பாதியில் மூடிவிட்டான்.

பெயர் இல்லாத சீட்டு: ஞானஸ்நானம் எடுத்து ஆறு வருஷமாச்சு. குடியை விட முடியல. நான் எடுத்தது பொய்யா?

பொய் இல்லை. இந்தச் சீட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் இரவில் மறுபடி படித்தேன். பத்து வயதில் கூட்டி வந்த பிள்ளை, பள்ளிக்கூடம் விட்டதும் பழக்க தோஷத்தில் பழைய வீட்டுத் தெருவுக்குப் போய்விடும். யாராவது தேடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருவார்கள். அதற்காகப் பிள்ளை கூட்டினது ரத்தாகாது. விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையைச் செய்கிறேன் என்று புலம்புகிற ரோமர் 7ஆம் அதிகாரத்துக்கு அடுத்ததாகத்தான், கிறிஸ்துவுக்குள் இருக்கிறவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு, அதாவது தண்டனைத் தீர்ப்பு, இல்லை என்ற 8ஆம் அதிகாரம் வருகிறது. பாவம் என்கிற பழைய முதலாளி இன்னும் கூப்பிடுவான். உத்தரவு போடும் அதிகாரம் அவனுக்கு இல்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கை நடுங்கும்போது இந்த வார்த்தைகள் மட்டும் போதாது. நீண்ட நாள் அதிகமாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவரைப் பார்த்து, அவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள். மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குடித்துவிட்டு வீட்டில் கை நீட்டியிருந்தால், அதை மனைவியிடம் ஒப்புக்கொள்ளுங்கள். அவர் பயந்து விலகி இருக்க நினைத்தால் தடுக்காதீர்கள். ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடுங்கள் என்கிறார் யாக்கோபு. குடியை விட்ட இரண்டு பேர் வியாழன் மாலையில் இதே கூடத்தில் இருப்பார்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை, பேசாமலே உட்கார்ந்திருக்கலாம். குடித்திருந்தாலும் வாருங்கள்.

ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் எடுக்கும் பூக்கார அம்மா: வெள்ளைச் சேலைதான் கட்டணுமா தம்பி? எங்கிட்ட இல்ல.

கட்டாயம் இல்லை அம்மா. ஆதிச் சபையில் ஈஸ்டரில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் அந்த வாரம் முழுவதும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள்; அந்த வழக்கம்தான் நம்மிடம் வந்தது. இருக்கிற சேலையில் வாருங்கள். மாற்றுச் சேலை ஒன்றும் துண்டும் எடுத்து வாருங்கள், நனைந்துவிடும்.