குதிரை, ஆடு, கோழிகளோடு விலை குறைந்த கிராமத்துப் பண்ணைக்குக் குடிபோகலாமா?

தாராளமாகப் போகலாம், ஆனால் விலையை மட்டும் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். மலிவாகக் கிடைக்கிறது என்றால் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்பட வேண்டும். 500 கிலோ எடையுள்ள குதிரை நாளுக்கு 25 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும், வெயிலில் இன்னும் கூடும், அதனால் கோடையின் உச்சத்தில் நேரில் போய்க் கிணற்றை எட்டிப் பாருங்கள். அப்புறம் தீவனம், குதிரைக்கு நாளுக்கு உலர்ந்த புல்லே 10 கிலோ பக்கம் ஆகும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ ஆள் வேண்டும்.

கால்நடை மருத்துவர் பக்கத்தில் இருப்பது எல்லாவற்றையும் விட முக்கியம், ஏனென்றால் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, வயிற்றுவலியில் தரையில் புரள ஆரம்பித்தால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். கோழித் தீவனத்தைப் பூட்டியே வையுங்கள். சில தீவனங்களில் கலக்கும் மோனென்சின் என்ற மருந்து குதிரையைக் கொன்றுவிடும்.