குழந்தைகள் குறைவான கப்பல் எது?

கேள்வி: நானும் மனைவியும் ஓய்வு பெற்றவர்கள். அடுத்த ஆண்டு சியாட்டிலில் உள்ள மகள் வீட்டுக்குப் போகிறோம். இரண்டு மாதம் பேரப்பிள்ளைகளோடு இருந்துவிட்டு, ஒரு வாரம் மட்டும் அலாஸ்காவுக்குக் கப்பலில் போய்வர ஆசை. குழந்தைகள் கூட்டம் அதிகம் இல்லாத கப்பல் எது? (கோவை வாசகர்)

பதில்: இரண்டு மாதப் பணிக்கு ஒரு வாரம் விடுப்பு. நியாயமான கோரிக்கைதான்!

கப்பலின் பெயரைத் தேடும் முன் நாட்காட்டியைப் பாருங்கள். அலாஸ்கா பருவம் ஏப்ரல் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை நீளும். ஜூன் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை அமெரிக்கப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. அப்போது எந்தக் கப்பலில் ஏறினாலும் நீச்சல் குளத்தில் இடம் இருக்காது. மே மாதத்தின் முதல் மூன்று வாரம், அல்லது செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தினத்துக்குப் பிறகு போங்கள். நானாக இருந்தால் மே மாதத்தைத்தான் எடுப்பேன். செப்டம்பரில் கெச்சிகன், ஜூனோ ஆகிய அலாஸ்கா துறைமுகங்கள் பக்கம் மழை பிடித்துக்கொள்ளும். மே மாதத்தில் மழை குறைவு, மலைகளில் பனியும் மிச்சம் இருக்கும்.

அடுத்து கப்பல். இதற்கு விளம்பரப் படங்கள் உதவாது. இரண்டு எண்களைப் பாருங்கள். ஓர் அறைக்கு இருவர் என்ற கணக்கில் எத்தனை பயணிகள் என்பது முதல் எண். சோபா, மேலிருந்து இறக்கும் கட்டில் எல்லாம் நிரம்பினால் எத்தனை பேர் என்பது இரண்டாவது. கரீபியன் பக்கம் ஓடும் ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில் முதல் எண் 5,610, இரண்டாவது ஏறத்தாழ 7,600. நடுவில் இருக்கும் அந்த இரண்டாயிரம் இடங்களில் படுக்கப்போவது யார்? பெரும்பாலும் அப்பா அம்மாவோடு வரும் பிள்ளைகள்தான். இரண்டு எண்களும் நெருங்கி இருக்கும் கப்பலில் குடும்பங்களுக்கு இடமே குறைவு. மூன்றாவது, நான்காவது நபருக்குக் கட்டணம் இல்லை என்று சலுகை அறிவித்திருந்தால், அந்தத் தேதியை விட்டுவிடுங்கள். தண்ணீர்ச் சறுக்கும் கோகார்ட் என்ற குட்டிப் பந்தயக் கார் ஓட்டமும் உள்ள கப்பலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

குழந்தையே கூடாது என்றால் வைக்கிங் நிறுவனத்தின் கடல் கப்பல்கள் இருக்கின்றன. 18 வயதுக்குக் கீழே அனுமதி கிடையாது. கனடாவின் வான்கூவருக்கும் அலாஸ்காவின் செவர்டுக்கும் இடையே ஓடுகின்றன. கட்டணத்தைப் பார்த்ததும் மலைப்பாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு சுற்றுலா, இணைய வசதி, சாப்பாட்டோடு ஒயின், பீர் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். மற்ற கப்பல்களில் இவற்றைத் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். வர்ஜின் வாயேஜஸ் கப்பல்களும் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும்தான். ஆனால் அங்கே நள்ளிரவு தாண்டியும் பாட்டும் ஆட்டமும் நடக்கும். குழந்தைகள் இல்லை என்பதற்காக அங்கே சீக்கிரம் தூங்கலாம் என்று நினைக்காதீர்கள். செலவைக் கட்டுப்படுத்த வேண்டுமானால், வயதானவர்கள் விரும்பிப் போகும் ஹாலண்ட் அமெரிக்கா கப்பலில் மே மாதப் பயணம் ஒன்றைத் தேடுங்கள். உங்கள் தேவைக்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது தள வரைபடத்தைத் திறந்து வையுங்கள். பக்கத்து அறைக்கு நடுவில் கதவு உள்ள அறைகளைத் தனிக் குறியிட்டுக் காட்டியிருப்பார்கள். குடும்பங்கள் விரும்பி எடுப்பவை அவைதான். அந்தக் கதவு வழியாகச் சத்தமும் வரும். நீச்சல் குளத்துக்கு நேர் கீழே உள்ள அறையும் வேண்டாம். விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் ஒலி தலைமேல் கேட்கும். இரவு உணவுக்கு இரண்டு பந்தி இருந்தால் இரண்டாவதைக் கேளுங்கள். பிள்ளைகளோடு வருபவர்கள் முதல் பந்தியிலேயே முடித்துவிடுவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: சியாட்டிலிலிருந்து கிளம்பும் அலாஸ்கா கப்பல்கள் ஒரு கனடா துறைமுகத்தில், பெரும்பாலும் விக்டோரியாவில், நின்றே திரும்பும். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல்களை 1886-ஆம் ஆண்டின் ஓர் அமெரிக்கச் சட்டம் அப்படிக் கட்டிப்போட்டிருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் கனடா விசா வேண்டும். அமெரிக்க விசாவும் பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். முன்பணம் கட்டும் முன் இதைச் சரிபாருங்கள்.

கேள்வி: குழந்தைகள் கூட்டத்தில் சிக்காமல் சிங்கப்பூரிலிருந்து மூன்று, நான்கு இரவுக் கப்பல் போக எந்த மாதம் நல்லது?

பதில்: சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு மார்ச்சில் ஒரு வாரம், ஜூன் முழுக்க, செப்டம்பரில் ஒரு வாரம், நவம்பர் பின்பகுதியிலிருந்து ஆண்டு இறுதி வரை விடுமுறை. இவற்றைத் தவிர்த்தால் போதும் என்று அங்குள்ளவர்கள் நினைப்பார்கள். ஏப்ரல், மே மாதங்களையும் சேர்த்துத் தவிருங்கள். நம் ஊர்க் கோடை விடுமுறை அந்தக் கப்பல்களில்தான் ஏறுகிறது. ஜூலையிலும், தீபாவளி வராத அக்டோபர் நாட்களிலும், வெள்ளிக்கிழமை கிளம்பாத பயணமாகப் பாருங்கள். டிஸ்னி அட்வென்ச்சர் கப்பலும் சிங்கப்பூரையே தளமாகக் கொண்டது. அதில் எந்த மாதமும் உங்களுக்கு ஒத்துவராது.

கேள்வி: பெரியவர்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்த குளத்தில் நாள் முழுக்கப் பிள்ளைகள் விளையாடினார்கள். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: அந்த இடத்துக்குத் தனிக் கட்டணம் கட்டியிருந்தால் தாராளமாகக் கேளுங்கள், ரசீதும் புகைப்படமும் வையுங்கள். கட்டணம் இல்லாத பொது வசதி என்றால் பணம் திரும்புவது கடினம். பயண ஒப்பந்தத்தில் இத்தனை குழந்தைகள்தான் வருவார்கள் என்று எந்த நிறுவனமும் எழுதித் தருவதில்லை. கப்பலில் இருக்கும்போதே விருந்தினர் சேவை மேசையில் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்கியிருக்க வேண்டும். ஊர் திரும்பி அனுப்பும் கடிதத்துக்கு, அடுத்த பயணத்தில் சிறு தள்ளுபடி என்ற பதில்தான் வழக்கமாக வரும். அதையும் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் காலாவதித் தேதியைப் பாருங்கள்.