நட்ட கண்டல் ஏன் நிற்பதில்லை?

கேள்வி: மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் எங்கள் ஊர் வாவிக்கரையில், ஜூலை 26 கண்டல் (அலையாத்தி மரம்) தினத்தன்று விளையாட்டுக் கழகப் பிள்ளைகளும் மீனவர் சங்கத்தாரும் சேர்ந்து கண்டல் நட்டோம். தை பிறக்கும்போது நாலைந்துகூட மிஞ்சவில்லை. கன்று பிழையா, நட்ட விதம் பிழையா?

பதில்: பெரும்பாலும் இடம்தான் பிழை. அந்த இடத்தைக் காட்டியதே ஜூலை மாதம்தான். கோடையில் வாவி வற்றிச் சேறு வெளியே தெரியும். இறங்கி நடவும் வசதி, படம் எடுக்கவும் வசதி. கார்த்திகை, மார்கழியில் போய்ப் பாருங்கள், அதே இடத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் திறந்து வெள்ளம் வடியும்வரை கன்று தலை முழுகிக் கிடக்கும். உப்புத் தண்ணீரைத் தாங்கும் மரம்தான், ஆனால் இலையும் வேரும் காற்று காணாமல் வாரக்கணக்கில் இருந்தால் அதுவும் செத்துப்போகும்.

நம் கடலில் வற்றுப்பெருக்கே ஒரு மீற்றருக்குக் குறைவு. வாவிக்குள் அதுவும் தேய்ந்துவிடும். அதனால் கண்டலுக்கு ஏற்ற கரை ஒரு ஒடுங்கிய பட்டைதான். ஒரு முழம் தாழ்ந்தாலே ஆபத்து. நீங்கள் மட்டும் இதில் மாட்டிக்கொள்ளவில்லை. சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களைப் பார்த்து 2017இல் வெளியான ஆய்வில், 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. பாதிக்கு மேல் பிழைத்தவை கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு என மூன்றே இடங்கள்.

சரி, மட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கருவி வேண்டாம், தண்ணீரே போதும். மாரியில் வாவி நிறைந்திருக்கும்போது, காற்று எழும்பாத ஒரு விடியற்காலை தோணியில் போங்கள். பக்கத்தில் தானாக முளைத்து நிற்கும் இளங்கண்டல் அடியில் ஒரு கம்பை ஊன்றி, தண்ணீர் தொடும் இடத்தில் கயிறு கட்டுங்கள். அதே கம்போடு உடனே உங்கள் கரைக்கு வாருங்கள். எங்கே ஊன்றும்போது தண்ணீர் அந்தக் கயிற்றைத் தொடுகிறதோ, அங்கே அடையாளக் கட்டை அடியுங்கள். காற்றடிக்கும் நேரத்தில் அளக்காதீர்கள். தண்ணீர் ஒரு கரைக்கு ஒதுங்கி, அளவு பொய்த்துவிடும்.

நடுவது மாசி, பங்குனியில், வெள்ளம் வடியும்போது. முருங்கைக்காய் போலத் தொங்கும் கண்டல் காயை மரத்தில் பிடுங்கி இழுக்காதீர்கள். தொப்பிக்குக் கீழே மஞ்சள் வளையம் தெரிந்தால்தான் முற்றியது, தொட்டதும் கையோடு வரும். கூர்முனை கீழே இருக்க, நாலு விரல் ஆழம் ஊன்றினால் போதும். கரையின் மேட்டுப் பக்கத்துக்குக் கண்ணா என்ற இன்னொரு வகை அலையாத்தி மரம் நல்லது. அதன் காய் சிறியது, அலையில் அள்ளுண்டு போகும். பையில் முளைக்க வைத்து, கன்றாக்கி நடுங்கள்.

இன்னொன்று, அங்கே முன்பு மரம் நின்றதா என்று வயதானவர்களிடம் கேளுங்கள். ஒருபோதும் நின்றதில்லை என்றால் விட்டுவிடுங்கள். வெறும் சேற்றுத் திடல் என்று நாம் நினைப்பது கொக்கு, நாரை இரைதேடும் இடம். முன்பு நின்று இப்போது இல்லையென்றால் காரணத்தைத் தேடுங்கள்: கொட்டிய மண்ணோ, அடைபட்ட மதகோ தண்ணீரை மறித்திருக்கலாம். அதைத் திறந்துவிட்டால் பல இடங்களில் காய் தானாக மிதந்து வந்து முளைக்கும், உங்களுக்கு நடும் வேலையே மிச்சம். எனக்குக் கேட்டால் கன்றுக்குச் செலவழிக்கும் காசை முதலில் இதற்குத்தான் செலவழிப்பேன்.

அப்புறம் ஆடு, மாடு. கண்ணா இலை அவற்றுக்கு நல்ல தீனி. கரைப்பக்கம் வேலி போடாமல் கண்ணா நடவே வேண்டாம். வாவிக்கரை அரச காணி என்பதால், கட்டை அடிக்கும் முன்பே பிரதேச செயலகத்துக்கும் வன இலாகாவுக்கும் சங்கத்தின் பேரில் கடிதம் கொடுத்து, அனுமதியை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.